பணியிடப் பாதுகாப்புச் சட்டங்களின் மறுஆய்வும் தொழில்சார் நோய்களும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தொழில்சார் நோய் என்பது ஒருவர் செய்யும் வேலையின் தன்மையாலோ, அவ்வேலையில் கையாளும் பொருளாலோ, பணியிடச் சூழலாலோ உண்டாகும் நோயாகும். கல் அறுப்பவரின் நுரையீரலில் படியும் சிலிக்கா தூசி, பழைய பேட்டரி உடைப்பவரின் இரத்தத்தில் சேரும் ஈயம், தறிக்கூடத்தின் இரைச்சலால் மங்கும் செவிப்புலன், நாள் முழுவதும் நின்றே பணிபுரியும் கடை ஊழியரின் காலில் புடைக்கும் நரம்பு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இந்நோய்களுள் பெரும்பாலானவற்றைத் தடுக்க இயலும். ஆனால் முற்றிய பின் முழுமையாகக் குணப்படுத்த இயலாதவை பல.

இந்நோய்களுக்கும் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காய்ச்சலுக்கோ சர்க்கரை நோய்க்கோ மருத்துவம் பெறும்போது நீங்கள் எங்கு வேலை செய்தீர்கள் என்பது பெரும்பாலும் சிகிச்சையை மாற்றுவதில்லை. தொழில்சார் நோயில் அந்த ஒரு விவரமே நோயின் பெயரையும், இழப்பீட்டு உரிமையையும், உங்களுடன் பணிபுரிந்தோரின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கிறது. பணியிடப் பாதுகாப்புச் சட்டங்களை அரசு மறுஆய்வு செய்து மாற்றியுள்ள இக்காலத்தில், அம்மாற்றங்கள் நோயாளியாகிய உங்களையும் உங்களைக் கவனிப்போரையும் எவ்வாறு தொடுகின்றன என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மறுஆய்வு எதைப் பற்றியது?

இந்திய அரசமைப்பில் தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் உள்ளது. எனவே நாடாளுமன்றம் சட்டம் இயற்றினாலும், விதிகளை வகுப்பதும் தொழிற்சாலைகளை ஆய்வு செய்வதும் பெரும்பாலும் மாநில அரசின் பொறுப்பாகும். தொழிற்சாலைகள் சட்டம், 1948 மத்தியச் சட்டம். அதன்கீழ் உருவானவை தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகள், 1950. தமிழ்நாட்டில் இவற்றைச் செயல்படுத்தி வரும் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆகும்.

சுரங்கம், துறைமுகம், தோட்டம், கட்டுமானம், பீடி, மோட்டார் போக்குவரத்து என ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. இவற்றைச் சில தொகுதிகளாக ஒன்றிணைக்கலாம் என இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002-இல் பரிந்துரைத்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் 2019-இல் மக்களவையில் ஒரு சட்டமுன்வடிவு வைக்கப்பட்டு, நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. திருத்தப்பட்ட வடிவம் 2020 செப்டம்பரில் நிறைவேறியது. 13 சட்டங்களை உள்ளடக்கிய அதன் பெயர், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது.

சட்டத்தின் வரலாறு இவ்வளவு போதும். நோயாளிக்கு இன்றியமையாதவை அதனுள் இருக்கும் நான்கைந்து ஏற்பாடுகளே.

உங்கள் பணியிடம் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா?

பழைய சட்டத்தில், மின்விசையைப் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளரும், பயன்படுத்தாத இடத்தில் 20 தொழிலாளரும் இருந்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்புச் சட்டம் இந்த எண்ணிக்கையை முறையே 20 எனவும் 40 எனவும் உயர்த்தியுள்ளது. அதே வேளையில், 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட எல்லா நிறுவனங்களையும், அது கடையாயினும் அலுவலகமாயினும், பொதுவான கடமைகளின்கீழ்க் கொண்டுவந்துள்ளது. அபாயகரமான அல்லது உயிருக்கு ஆபத்தான வேலை என அரசு அறிவிக்கும் இடங்களில், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் சட்டத்தைப் பொருந்தச் செய்ய இயலும்.

மருத்துவர் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலிக்கா தூசிக்கு ஆட்களை எண்ணத் தெரியாது. ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் கல் பட்டறையிலும், குடும்பமாகச் சேர்ந்து பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் உருக்கும் கொட்டகையிலும் நோய் பெரிய ஆலைகளைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். அங்கே தூசியை உறிஞ்சும் சாதனமும் இராது, பதிவேடும் இராது. எண்ணிக்கை உயர்த்தப்பட்டதால் விடுபடும் சிறு பட்டறைகளை, அபாயகரமான வேலை என்னும் அறிவிக்கையின் வழியாக மீண்டும் உள்ளே கொண்டுவருவது மாநிலங்கள் செய்ய வேண்டிய முதன்மையான பணி என்பதே என் கருத்து. உங்கள் பணியிடம் சிறியது என்பதற்காக உங்கள் நோய் தொழில்சார் நோய் அல்ல என்று ஆகிவிடாது. நோயின் பெயரைத் தீர்மானிப்பது மருத்துவம். ஆள் எண்ணிக்கை அன்று.

மருத்துவர் அறிவிக்க வேண்டிய நோய்கள்

தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈயம், பாதரசம், ஆர்சனிக், பென்சீன் முதலியவற்றின் நச்சுப் பாதிப்புகள், சிலிகோசிஸ், கல்நார் தூசியால் வரும் ஆஸ்பெஸ்டோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், இரைச்சலால் வரும் செவிப்புலன் இழப்பு, சில வகைத் தோல் நோய்கள், புற்றுநோய்கள் ஆகியவை அதில் அடங்கும். அச்சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி, தொழிற்சாலையில் பணிபுரியும் அல்லது முன்பு பணிபுரிந்த ஒருவருக்கு இந்நோய்களுள் ஒன்று இருப்பதாக மருத்துவர் கருதினால், அவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் இதே போன்ற கடமை உண்டு. புதிய தொகுப்புச் சட்டமும் தன் மூன்றாம் அட்டவணையில் நோய்ப் பட்டியலை வைத்து, இக்கடமையைத் தொடர்கிறது.

இந்த அறிவிப்பு வெறும் படிவம் அன்று. அதன் அடிப்படையில்தான் ஆய்வாளர் அப்பணியிடத்துக்குச் சென்று தூசியின் அளவை அளக்க முடியும். உங்கள் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல முடியும். ஆனால் மருத்துவர் அறிவிக்க வேண்டுமெனில், முதலில் அவருக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளுடன் ‘நீர் என்ன தொழில் செய்கிறீர்?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி 1700-இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தினார். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இக்கேள்வி விடுபட்டுப் போவதுண்டு. மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்.

‘கூலி வேலை’ என்று மட்டும் சொல்வது போதாது. ‘பவுண்டரியில் பன்னிரண்டு ஆண்டுகள், அதில் வார்ப்பின்மேல் மணலைப் பீய்ச்சும் வேலை நான்கு ஆண்டுகள்’ என்று சொன்னால், மார்பு ஊடுகதிர்ப் படத்தை மருத்துவர் பார்க்கும் விதமே மாறும். இப்போது செய்யும் வேலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடவும் கூடாது. இன்று காவலாளியாக இருப்பவர், இருபது ஆண்டுகளுக்கு முன் கல்குவாரியில் துளையிட்டவராக இருக்கலாம். சிலிகோசிஸும் ஆஸ்பெஸ்டோசிஸும் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படக்கூடியவை.

காசநோய் எனத் தவறாகக் கருதப்படும் சிலிகோசிஸ்

கல்குவாரி, கிரஷர், கல் மெருகேற்றும் பட்டறை, பவுண்டரி, கண்ணாடி மற்றும் பீங்கான் தொழில், கிணறு தோண்டுதல், காங்கிரீட் அறுத்தல் ஆகியவற்றில் எழும் நுண்ணிய சிலிக்கா தூசி கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது. அங்கே அது தழும்புகளை உண்டாக்குகிறது. பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நோய் மெல்ல வெளிப்படும். தூசி மிகுதியாயின் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலும், மணல் பீய்ச்சும் வேலை போன்றவற்றில் சில மாதங்களிலும்கூட வரலாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதல், வறட்டு இருமல், எடை குறைதல், சோர்வு ஆகியவை அறிகுறிகள்.

இவ்வறிகுறிகளும் ஊடுகதிர்ப் படமும் காசநோயை ஒத்திருக்கும். சளியில் காசநோய்க் கிருமி காணப்படாமலே காசநோய் மருந்து ஒரு முறை, இரு முறை எனக் கொடுக்கப்பட்டு, மூச்சுத்திணறல் மட்டும் குறையாமல் வருவோர் உண்டு. மறுபுறம், சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆகவே ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை எனக் கொள்ளலாகாது. இரண்டுக்கும் பரிசோதனை தேவை. காசநோய் மருந்து பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் தூசி வேலையின் விவரத்தைக் கூறி, மூலக்கூறு அடிப்படையிலான சளிப் பரிசோதனையும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் தேவையா எனக் கேளுங்கள்.

சிலிகோசிஸை நீக்கும் மருந்து இல்லை. தூசியிலிருந்து விலகுதல், புகைபிடித்தலை அறவே விடுதல், மருத்துவர் கூறும் தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்படும்போது ஆக்சிஜன் ஆகியவை துன்பத்தைக் குறைக்கும். தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் சிலருக்கு முன்னேறும் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும். துணியை முகத்தில் கட்டிக்கொள்வது இத்தூசியைத் தடுக்காது. ஈரமாக்கி அறுத்தலும், தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுத்தலுமே முதன்மையான பாதுகாப்பு. அவற்றைச் செய்வது நிர்வாகத்தின் கடமை.

மற்ற சில நோய்களைச் சுருக்கமாகக் காண்போம். நூற்பாலையில் பஞ்சு உடைக்கும் பிரிவிலும் கார்டிங் பிரிவிலும் வேலை செய்பவருக்கு, வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் கூடி, அடுத்த நாட்களில் குறைந்தால், அது பிசினோசிஸின் தொடக்கமாக இருக்கலாம். இந்நிலையில் தூசியை விட்டு விலகினால் மீளலாம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் நிரந்தரமாகப் பழுதாகும். விடுமுறையில் குறைந்து வேலை நாளில் கூடும் இழுப்பும் இவ்வாறே தொழில் சார்ந்ததாக இருக்கக்கூடும். ஈயம் கையாளுவோருக்கு வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், இரத்தசோகை, மணிக்கட்டு தளர்ந்து தொங்குதல் ஆகியவை வரலாம். ஈயத் தூசி படிந்த உடையுடன் வீடு திரும்பினால், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வேலை உடையைப் பணியிடத்திலேயே மாற்றிக் குளித்துவிட்டு வர வேண்டும். அவ்வுடையை மற்றத் துணிகளுடன் சேர்த்துத் துவைக்கக் கூடாது.

பணி நேரமும் உடல் தாங்கும் அளவும்

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. சில தொழிற்சாலைகளில் பணி நேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி வரை நெகிழ்த்த அது வழிசெய்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அவ்விவாதம் பெரும்பாலும் ஊதியம், ஓய்வு ஆகியவற்றைப் பற்றியே நடந்தது. மருத்துவக் கோணம் ஒன்றும் உண்டு. காற்றில் இருக்கத்தக்க நச்சுப் பொருளின் உச்ச அளவுகள் எட்டு மணி நேர வேலையைக் கணக்கிட்டு வகுக்கப்பட்டவை. இரைச்சலுக்கும் அவ்வாறே: எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்றால், 95 டெசிபலில் நான்கு மணி நேரமே அனுமதி. வேலை நேரம் நீண்டால் உடலுக்குள் செல்லும் அளவு கூடும். ஓய்வில் உடல் அதை வெளியேற்றும் நேரமோ குறையும். ஆகவே எட்டு மணிக்கு ஏற்றதென அளக்கப்பட்ட இடத்தை, பன்னிரண்டு மணிக்கும் ஏற்றதெனக் கொள்ள முடியாது. நீங்கள் கூடுதல் நேரப் பணி செய்பவராயின், அதனையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

மாநிலச் சட்டத் திருத்தம் நோயாளிக்கு நேரடியாக உதவிய எடுத்துக்காட்டும் உண்டு. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு வரும் கால் வீக்கத்துக்கும் நரம்புச் சுருட்டலுக்கும் நாங்கள் எழுதித் தரும் ‘இடையிடையே அமரவும்’ என்ற அறிவுரைக்கு அதற்குப் பிறகே சட்டத்தின் துணை கிடைத்தது.

பரிசோதனையும் பதிவேடும் உங்கள் உரிமை

1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்தபோது, மக்கள் சுவாசித்தது என்ன, அதற்கு மாற்று மருந்து என்ன என்பது குறித்து மருத்துவர்களுக்கே தெளிவான தகவல் கிடைக்கவில்லை. அதன் விளைவாகத் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. அபாயகரமான செயல்முறைகளில் ஈடுபடும் தொழிலாளரின் மருத்துவப் பதிவேட்டை நிர்வாகம் பேண வேண்டும். அதனைத் தொழிலாளர் பார்க்க வழி செய்ய வேண்டும். அவ்வேலையில் சேருமுன்னும், வேலையில் இருக்கும்போதும், அவ்வேலையை விட்ட பின்னும் பன்னிரண்டு மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்விக்க வேண்டும் என அத்திருத்தம் கூறியது. இப்பொறுப்புகள் புதிய தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. ‘வேலையை விட்ட பின்னும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அவற்றைக் கேட்டுப் பெறுவோர் மிகச் சிலரே.

புதிய சட்டத்தில், குறிப்பிட்ட வகை ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்விப்பது நிர்வாகத்தின் கடமை. மத்திய அரசின் அறிவிப்பு 40 வயதைக் கடந்த தொழிலாளர்களைக் குறிப்பிடுகிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் இது பொதுப் பரிசோதனை. இருபத்தைந்து வயதில் மணல் பீய்ச்சுபவர் நாற்பது வயதுவரை காத்திருக்கலாகாது. அவருக்கு அபாயகரமான வேலைக்கான தனிப் பரிசோதனையே உரியது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் பார்த்த சீட்டைத் தூசி வேலைக்கான பரிசோதனை என ஏற்க வேண்டாம். ஊடுகதிர்ப் படமும் நுரையீரல் செயல்திறன் அளவும் அதில் இருக்க வேண்டும். இரைச்சல் மிகுந்த வேலையாயின் செவித்திறன் வரைபடமும், ஈய வேலையாயின் இரத்தத்தில் ஈயத்தின் அளவும் இருக்க வேண்டும்.

ஊழியர் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் புதிய சட்டத்தின் ஏற்பாடு. நோயாளிக்கு இது பெரிய மாற்றம். ஏனெனில், இழப்பீட்டுக் கோரிக்கைகளில் நோயை நிறுவுவதைவிட, ‘இவர் இங்கே வேலை செய்தார்’ என்பதை நிறுவுவதே பல வேளைகளில் கடினமாகிறது.

இழப்பீடு கோருவது எவ்வாறு?

நீங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தால், சட்டத்தில் பட்டியலிடப்பட்ட தொழில்சார் நோய் பணிக்காயமாகவே கருதப்படும். இதற்கு இத்தனை மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தற்காலிக ஊனத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு அளவில் பணப்பயன் உண்டு. நிரந்தர ஊனத்தின் அளவை மருத்துவக் குழு தீர்மானிக்கும். உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரிடம் தொழில் விவரத்தைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் இல்லாதோருக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 வழி அமைத்திருந்தது. அச்சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020-இல் இணைக்கப்பட்டுள்ளன. எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பது நோய் எப்போது வெளிப்பட்டது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் இதைக் கேட்டறியலாம். இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. 1923 சட்டத்தில் அது இரண்டு ஆண்டுகள். போதிய காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம். கட்டுமானம் போன்ற அமைப்புசாராத் தொழில்களில் இருப்போர், நல வாரியத்தில் தம் பதிவு நடப்பில் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோரிக்கை எழுதும் நாளில் ஆவணங்களைத் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஊதியச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் ஊதியம் வரவான பக்கம், ஒப்பந்ததாரரின் பெயர், உடன் பணிபுரிந்த இருவரின் தொடர்பு எண் ஆகியவற்றை இப்போதே ஓர் உறையில் இடுங்கள். புறநோயாளர் சீட்டுகளை எறிய வேண்டாம். மூச்சுத்திணறல் தொடங்கிய ஆண்டைக் காட்டும் சான்று சில வேளைகளில் அந்தச் சிறு சீட்டு ஒன்றே.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளி வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் தம் தொழிலை மருத்துவரிடம் மறைக்கக்கூடும். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவருடைய தயக்கத்தை மருத்துவரிடம் தனியே கூறலாம். நோயை அறிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை என்பதை நோயாளிக்கு எடுத்துக் கூறுங்கள். நோயாளி முறையிட்டார் என்று அதற்குப் பொருளாகாது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். அதில் ‘நாள்பட்ட நுரையீரல் நோய்’ என்று மட்டும் இருந்து தொழில் விவரம் இல்லாவிட்டால், அதைச் சேர்த்துத் தரும்படி அங்கேயே கேளுங்கள். சிலிகோசிஸ் ஐயமிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அங்கே செல்லும்போது பழைய ஊடுகதிர்ப் படங்கள் அனைத்தையும் ஆண்டு வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்; நோய் முன்னேறிய விதம் அவ்வரிசையில்தான் தெரியும். நோயாளி இறந்துவிட்டாலும் அப்படங்களையும் அறிக்கைகளையும் விட்டுவிட வேண்டாம். இறப்புக்கான இழப்பீட்டைக் குடும்பத்தினர் கோர இயலும். இறப்புக் காரணச் சான்றில் நோயின் சரியான பெயர் எழுதப்பட்டுள்ளதா என்பதை, அதைப் பெற்றுக்கொள்ளும் போதே சரிபார்க்க வேண்டும்.